மல்லாவிக்கு ஒரு ஷெரிப் வந்தால் அவர் யாருக்குப் பதில் சொல்லுவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் வெளிநாட்டில் இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியதை வாசித்தேன். அமெரிக்காவில் மாதிரி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஷெரிப் என்ற பொலிஸ் தலைவர் ஒருவரைச் சனமே வாக்குப் போட்டுத் தெரிவு செய்தால் வடக்கின் பொலிஸ் பிரச்சினை முடிந்துவிடும், மாகாணங்களுக்கு அதிகாரம் பகிர்கிற 13ஆம் திருத்தத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கட்டுரை முழுக்கக் குதிரையில் வந்து இறங்குகிற, நெஞ்சில் நட்சத்திரம் குத்தின, கெட்டவனைச் சுட்டுப்போட்டுப் போகிற ஆள்தான் இருந்தார். உண்மையான ஷெரிப் அலுவலகம் என்ன வேலை செய்கிறது, அதற்குக் காசு எங்கிருந்து வருகிறது, அது பிழை விட்டால் யார் காதைப் பிடிப்பது என்று ஒரு வரியும் இல்லை. என் மகள் குடும்பம் கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ கவுண்டியில் இருக்கிறது (கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி). அங்கே போய்ச் சில மாதம் இருந்தபோது இந்த விஷயத்தைக் கொஞ்சம் துருவிப் பார்த்தேன், ஓய்வூதியக்காரனுக்கு வேறு என்ன வேலை. அதனால் இந்தக் கடிதம், கொஞ்சம் நீண்டுவிட்டால் வெட்டிப் போடுங்கள், ஆனால் காசு பற்றி எழுதின பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம்.

முதலில் அளவைச் சொல்கிறேன், அது தெரியாமல் மற்றது விளங்காது. சான் பெர்னார்டினோ கவுண்டி ஏறத்தாழ 52 ஆயிரம் சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவு முழுக்கவே 65 ஆயிரத்துச் சொச்சம்தான். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் என்று எங்கள் வன்னி மாவட்டம் நாலையும் கூட்டினால் 7,800 தாண்டும், அவ்வளவுதான். ஆக ஆறரை வன்னி அந்த ஒரு கவுண்டிக்குள் அடங்கும். பெரும்பகுதி பாலைவனமும் மலையும், சனம் 22 இலட்சம் மட்டில், அதிலும் பெரும்பாலானவர்கள் ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இதற்கெல்லாம் ஒரே ஒரு ஷெரிப். அவருக்குக் கீழே ஆயிரக்கணக்கில் ஆட்கள், அவர்களில் சீருடை போட்டு ரோந்து போகிறவர்களை டெபுட்டி என்கிறார்கள்.

அந்த நாட்டில் ஓர் ஊர்ச்சனம் விரும்பினால் தங்களுக்கென்று நகரசபை அமைத்துக்கொள்ளலாம், நகரசபை வந்தால் சொந்தப் பொலிசும் வைத்துக்கொள்ளலாம். அப்படி அமைக்காத ஊர்கள், தோட்டவெளிகள், காடு, பாலை எல்லாம் நேரே கவுண்டியின் கையில் இருக்கும். அந்த இடங்களில் களவு போனாலும், குடிபோதையில் புருசன் மனைவியை அடித்தாலும், அவசர இலக்கமான 911க்கு அடித்தால் வருவது ஷெரிப்பின் டெபுட்டிதான். எங்கள் கணக்கில் சொன்னால் ரவுணுக்கு வெளியே இருக்கிற சனத்தின் பொலிஸ் அது. இது ஒரு பாதி. மற்றப் பாதியைத்தான் படத்தில் காட்டுவதில்லை. கவுண்டிச் சிறையை நடத்துவது ஷெரிப். வழக்கு முடியும்வரை மறியலில் இருப்பவர்கள், சின்னத் தண்டனை பெற்றவர்கள் எல்லோரும் அவருடைய பொறுப்பு. மகள் இருக்கிற றாஞ்சோ குக்கமொங்கா என்ற ஊரிலேயே அப்படியொரு பெரிய சிறை இருக்கிறது, வீட்டு வாடகை பார்க்க வருகிறவர்களுக்கு யாரும் அதைச் சொல்வதில்லை. நீதிமன்றத்துக்குக் காவல், அழைப்பாணை கொண்டுபோய்க் கொடுப்பது, தீர்ப்பு வந்தபிறகு வாடகை கட்டாதவரை வீட்டில் இருந்து வெளியேற்றுவது, கடனுக்குச் சொத்தை ஏலம் விடுவது எல்லாம் அதே அலுவலகம். எங்கள் நாட்டில் இதை நாலாகப் பிரித்து வைத்திருக்கிறோம்: பொலிஸ் தனி, சிறைச்சாலைத் திணைக்களம் தனி, நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றுகிற பிஸ்கால் தனி, திடீர் மரண விசாரணை அதிகாரி தனி. அங்கே பல கவுண்டிகளில் இந்த நாலும் ஒரே ஆளின் கையெழுத்துக்குக் கீழே. (கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இது வேறு கதை. ரொறொன்ரோவில் ஷெரிப் என்றால் வீட்டைப் பூட்ட வருகிற நீதிமன்ற அதிகாரி, களவுக்கும் அடிபிடிக்கும் வருவது நகரப் பொலிஸ். உங்கள் கட்டுரையாளர் எந்த நாட்டில் இருந்து எழுதினார் என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.)

நாலையும் ஒரு கையில் கொடுப்பதில் வசதியும் உண்டு, பயமும் உண்டு. வசதிக்கு ஓர் உதாரணம், 2023 ஜனவரியில் ஜூலியன் சாண்ட்ஸ் என்ற பிரித்தானிய நடிகர் அந்தக் கவுண்டி மலையில் நடக்கப் போய்க் காணாமல் போனபோது, பனிக்குள் தேடியது இராணுவம் அல்ல, ஷெரிப் அலுவலகமும் அதனோடு சேர்ந்து சம்பளம் வாங்காமல் வேலை செய்கிற ஊர்த் தொண்டர்களும்தான். ஜூன் மாதத்தில் உடல் கிடைக்கும்வரை அந்தத் தேடல் விட்டுவிட்டு நடந்தது. காட்டுக்குள் விறகுக்கும் தேனுக்கும் போய்த் திரும்பாத ஒருவரைத் தேட எங்கள் பக்கத்தில் யார் போவார்கள் என்று கேட்டால், ஊர்ப் பெடியள் என்றுதான் பதில் வரும். அந்தப் பெடியளுக்கு ஒரு வோக்கி டோக்கியும் ஒரு காப்புறுதியும் கொடுத்து ஒரு அலுவலகத்தோடு சேர்த்து வைப்பதுதான் அங்கே நடக்கிறது. பயத்துக்கு உதாரணம் அதே மாநிலத்தில் சான் ஹோக்கின் கவுண்டி. பொலிஸ் பிடியில் ஒருவர் செத்தால், எப்படிச் செத்தார் என்று எழுதுகிற அதிகாரமும் அந்தப் பொலிசின் தலைவருக்கே இருப்பது களவு போன நெல்லைத் தேடச் சொல்லிக் களவெடுத்தவனிடமே சாவி கொடுப்பது மாதிரி. 2017 கடைசியில் அங்கே பிரேத பரிசோதனை செய்த வைத்தியர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் மூளைக்காய ஆய்வால் உலகமறிந்த பெனட் ஒமாலு, ஷெரிப் தங்கள் வேலையில் தலையிடுகிறார் என்று குற்றம் சாட்டிவிட்டுப் பதவி விலகினார்கள். அடுத்த வருடமே கவுண்டிச் சபை கூடி அந்த வேலையை ஷெரிப்பிடம் இருந்து பிரித்தெடுத்தது. ஷெரிப்பைச் சனம் தெரிவு செய்திருந்தது, அடுத்த தேர்தல்வரை பொறுங்கள் என்று சபை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். றாஞ்சோ குக்கமொங்கா நகரசபை உள்ள ஊர், ஆனாலும் அதற்குச் சொந்தப் பொலிஸ் கிடையாது. ஷெரிப்பிடம் ஒப்பந்தத்தில் பொலிஸ் வாங்குகிறார்கள். அந்தக் கவுண்டியில் 24 நகரங்கள் இருக்கின்றன, 14 நகரங்கள் இப்படித்தான். இந்த ஏற்பாட்டுக்கு வழி காட்டியது பக்கத்துக் கவுண்டியான லொஸ் ஏஞ்சல்ஸில் லேக்வுட் என்ற ஊர், 1954இல் நகரமான கையோடு, பொலிஸ் கட்டுவதற்கு எங்களிடம் காசு இல்லை, கவுண்டியே செய்து தா, நாங்கள் வருடத்துக்கு இவ்வளவு தருகிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டது. இப்போது லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் மட்டும் 42 நகரங்கள் அப்படி. ஒப்பந்தத்தில் எத்தனை டெபுட்டி, எத்தனை வாகனம், எத்தனை துப்பறிவாளர், ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று எழுதியிருக்கும். அது நகரசபைக் கூட்டத்தில், கதவு திறந்திருக்க, யாரும் போய் இருக்கக்கூடிய இடத்தில் நிறைவேறும். ஷெரிப்பின் கப்டன் ஒருவர் அந்த ஊருக்குப் பொலிஸ் தலைவராக இருப்பார், சபைக்கு வந்து எத்தனை களவு, எத்தனை வீதி விபத்து, போன வருடத்தைவிடக் கூடவா குறைவா என்று சொல்லுவார். எங்கள் பிரதேச சபைக் கூட்டத்துக்கு ஓ.ஐ.சி. (பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி) வந்து கணக்குச் சொன்னதை யாராவது கண்டிருக்கிறீர்களா? மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு வருவார்கள், அது உண்மை, வந்து மணல் டிப்பர் பற்றி யாராவது கேட்டால் நடவடிக்கை எடுக்கிறோம் என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு இருப்பார்கள், அடுத்த கூட்டத்திலும் அதே கேள்வி அதே வசனம். அவரைப் பிடித்துக் கேட்க அந்தக் கூட்டத்துக்குக் காசு அதிகாரமும் இல்லை, வேலைக்கு எடுக்கிற அதிகாரமும் இல்லை, இடமாற்றுகிற அதிகாரமும் இல்லை.

சரி, காசு. ஷெரிப்பை வாக்காளர் தெரிவு செய்கிறார்கள் என்பதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள், அவருடைய பெட்டிச் சாவி வேறு ஆட்களிடம் இருப்பதைச் சொல்வதில்லை. கவுண்டிச் சபைதான் வரவுசெலவுத் திட்டம் போடுகிறது, சான் பெர்னார்டினோவில் அது ஐந்து பேர் கொண்ட சபை, அவர்களும் வாக்கில் வந்தவர்கள். விசாரணையில் அவர்கள் கை வைக்கக் கூடாது என்று கலிபோர்னியாச் சட்டம் சொல்கிறது, ஆனால் எத்தனை பேருக்குச் சம்பளம், எத்தனை வாகனம் என்பது அவர்கள் கையில். அந்தக் காசில் ஒரு பெரிய பங்கு உள்ளூர் வரி. இதுதான் வன்னிக்காரன் உற்றுப் பார்க்கவேண்டிய இடம். ஒரிகன் மாநிலத்தில் ஜோசபின் என்றொரு கவுண்டி. 80 ஆயிரத்துச் சொச்சம் சனம், அதாவது 2012 கணக்கெடுப்பில் 92 ஆயிரம் பேர் இருந்த எங்கள் முல்லைத்தீவைவிடக் கொஞ்சம் குறைவு. நிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் காடு. காட்டுக்கு வரி போட முடியாது. முன்பு மரம் வெட்டி விற்ற காசில் ஒரு பங்கு கவுண்டிக்கு வந்தது, மரம் வெட்டுவது குறைந்தபோது அதற்குப் பதிலாக வோஷிங்டன் கொடுத்த மானியமும் ஒருநாள் நின்றது. 2012 மே மாதம் ஷெரிப்புக்காக ஒரு விசேட வரி போடலாமா என்று சனத்திடம் கேட்டார்கள், சனம் வேண்டாம் என்றது. ஷெரிப் பெரும்பாலான டெபுட்டிகளை வீட்டுக்கு அனுப்பினார், சிறையில் இருந்து ஆட்களை வெளியே விட்டார், உயிருக்கு ஆபத்தான அழைப்புக்கு மட்டும் வருவோம், அதுவும் வேலை நாளில் பகலில்தான் என்று அறிவித்தார். உங்களுக்கு அடிக்கிற புருசனிடம் இருந்து பாதுகாப்புக் கட்டளை இருந்தால், பொலிஸ் ஒழுங்காக இருக்கிற வேறு இடத்துக்குக் குடிபோவதை யோசியுங்கள் என்று அந்த அலுவலகமே அறிக்கை விட்டது. அந்த ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை விடியப்புறம் ஒரு பெண், தன்னை முன்பும் அடித்த ஆள் கதவை உடைக்கிறான் என்று 911க்கு அடித்தார். ஷெரிப்பிடம் ஆள் இல்லை, அழைப்பு மாநிலப் பொலிசுக்குப் போனது, அங்கேயும் அனுப்ப ஆள் இல்லை. தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவர் அவனிடம் போகச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள் என்றார். அவன் உள்ளே வந்து செய்ததை இங்கே எழுத விரும்பவில்லை.

எங்கள் பக்கத்தில் நிலத்தை யார் வைத்திருக்கிறார்கள்? வனவளத் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம், முகாம்கள், தொல்லியல். மிச்சத்தில் வயலும் குளமும். பிரதேச சபைக்கு வருகிற வருமானத்தில் றோட்டு லைற் போடுவதற்கே இழுபறி. இந்த நிலையில் உங்கள் ஷெரிப்பை உங்கள் காசில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாளைக்குக் கொழும்பு சிரித்துக்கொண்டே சொன்னால், மல்லாவிக்கும் பாண்டியன்குளத்துக்கும் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள்தான் மிஞ்சும், பெற்றோலுக்கு நாங்கள் காசு சேர்க்க வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தார் சமாளிப்பார்கள், எங்களால் ஏலாது. பொலிஸ் அதிகாரம் கேட்கிற எங்கள் கட்சிக்காரர்கள் ஒருவரும், ஒரே ஒருவர்கூட, திறைசேரியில் இருந்து எவ்வளவு எந்த விதியின்படி வரவேண்டும் என்று மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை.

வாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சனம் தெரிவு செய்தவர் என்றால் நல்லவராகத்தான் இருப்பார் என்று ஒரு நம்பிக்கை அந்தக் கட்டுரையில் இருந்தது. அரிசோனாவில் மரிக்கோப்பா கவுண்டியில் ஜோ ஆர்பாயோ என்று ஒருவர், 1993 தொடக்கம் 24 வருடம் ஷெரிப், ஆறு தேர்தலில் வென்றவர். கொளுத்துகிற வெயிலில் கைதிகளைக் கூடாரத்தில் வைத்தார், தோல் நிறத்தைப் பார்த்து வாகனத்தை மறித்தார். சிறுபான்மைச் சனம் வழக்குப் போட்டு 2013இல் வென்றது. நீதிமன்றம் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை என்று 2017இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது, அடுத்த மாதமே ஜனாதிபதி ட்ரம்ப் மன்னிப்புக் கொடுத்தார். அந்த வழக்கால் கவுண்டிக்கு நூறு மில்லியன் டொலருக்கு மேல் செலவு, கட்டியது அவரை எதிர்த்து வாக்குப் போட்டவர்களும் சேர்த்துத்தான். லொஸ் ஏஞ்சல்ஸில் லீ பாக்கா, 1998 முதல் 2014 வரை ஷெரிப். சிறைக்குள் காவலர்கள் கைதிகளை அடித்ததை எஃப்.பி.ஐ. விசாரிக்க வந்தபோது அதைக் குழப்பியதற்கு அவருக்கு மூன்று வருடச் சிறை. பெரும்பான்மை வாக்கில் வருகிற பொலிஸ் தலைவர் சிறுபான்மையை எப்படி நடத்துவார் என்று இலங்கையில் இருக்கிற நாங்கள் அமெரிக்காவைப் பார்த்தா படிக்க வேண்டும்? மன்னாரில், வவுனியாவில், எல்லையோரப் பிரதேச செயலகப் பிரிவுகளில் தமிழர், முஸ்லிம், சிங்களவர், மலையகத்தில் இருந்து வந்து குடியேறினவர்கள் எல்லாம் கலந்துதான் இருக்கிறார்கள். அங்கே ஷெரிப் தேர்தல் வைத்தால் முதல் நாளே அது எண்ணிக்கைச் சண்டையாகும். சாதியும் தன் கணக்கைப் போடும், அதை நாங்கள் வெளியே சொல்வதில்லை.

இன்னொன்று, நாலு வருடத்துக்கு ஒருமுறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், கலிபோர்னியாவில் தேர்தல் வருடத்தை மாற்றின சட்டத்தால் 2022இல் வென்ற ஷெரிப்மாரில் பெரும்பாலானோர் 2028 வரை, ஆறு வருடம் இருப்பார்கள். அடுத்த தேர்தல்வரை ஒருவரைப் பொறுத்துக்கொண்டு இருப்பதா என்ற கேள்விக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் சனம் ஒரு வழி கண்டது. 2016இல் பொதுமக்கள் மேற்பார்வை ஆணைக்குழு ஒன்று, 2020இல் அந்த ஆணைக்குழு ஆவணங்களையும் சாட்சிகளையும் கட்டாயமாக அழைக்கலாம் என்று வாக்கெடுப்பு, 2022இல் கடுமையான காரணம் இருந்தால் கவுண்டிச் சபையே ஷெரிப்பை நீக்கலாம் என்று இன்னொரு வாக்கெடுப்பு. இதைப் பார்க்கும்போது எனக்குப் பட்டது, அங்கே ஷெரிப்பைக் கட்டுப்படுத்துவதில் வாக்குப்பெட்டி செய்தது கொஞ்சம்தான். நீதிமன்றமும், காசு வைத்திருக்கிற சபையும், கேள்வி கேட்கிற ஆணைக்குழுவும், பத்திரிகைகளும் செய்தது கனக்க. கனெக்டிகட் மாநிலச் சனம் 2000இல் கவுண்டி ஷெரிப் பதவியே வேண்டாம் என்று வாக்குப் போட்டு ஒழித்துவிட்டது. அலாஸ்காவில் கவுண்டியும் இல்லை, கவுண்டி ஷெரிப்பும் இல்லை. அவர்கள் பொலிஸ் இல்லாமல் தவிக்கவில்லை.

இனி 13. வெளிநாட்டு நண்பர் அதைத் தூக்கி எறியச் சொல்கிறார், இங்கே இருக்கிறவர்கள் அதைப் பூசையறையில் வைத்திருக்கிறார்கள், இரண்டு பகுதியும் பொலிஸ் பற்றிய பின்னிணைப்பை வாசித்ததாகத் தெரியவில்லை. மாகாணத்துக்கு ஒரு பொலிஸ் பிரிவு, அதற்குத் தலைவர் பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர், அவரை முதலமைச்சரின் இணக்கத்தோடு பொலிஸ் மா அதிபர் நியமிப்பார், மாகாணத்தின் சட்டம் ஒழுங்கு விஷயத்தில் அவர் முதலமைச்சருக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும், மூன்று பேர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு ஒன்று ஆட்சேர்ப்பைப் பார்க்கும். 1987இல் எழுதினது, எந்த மாகாணத்திலும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை, வடமாகாண சபையின் காலமே 2018 ஒக்டோபரில் முடிந்து அதன்பிறகு தேர்தலும் இல்லை. நாளைக்கு எல்லாம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பதில் சொல்கிற இடம் கொழும்பில் இருந்து, வடமாகாண சபை இருந்த யாழ்ப்பாணத்துக் கைதடிக்கு வரும். நல்லது, தூரம் குறையும். ஆனால் எங்கள் பக்கத்துத் துணுக்காயில் இருந்து பார்க்கிறவனுக்குக் கைதடியும் ஏரிக்கு அப்பால்தான். வடமாகாண சபை இருந்த ஐந்து வருடமும் வன்னி எந்தக் கதிரையில் இருந்தது என்று எங்களுக்கு வடிவாகத் தெரியும்.

புலிகளின் காலத்துப் பொலிசைச் சிலர் இந்த இடத்தில் ஞாபகப்படுத்துவார்கள், கிளிநொச்சியில் தலைமையகம், தமிழில் முறைப்பாடு, கசிப்புக்காரன் நடுங்கினான் என்று. நடுங்கியது உண்மை. முறைப்பாட்டைத் தமிழில் எழுதினதும் உண்மை. ஆனால் அந்தப் பொலிசின் மேல் ஒரு முறைப்பாடு இருந்தால் அதை எங்கே கொண்டுபோவது? அதற்கு அப்போதும் பதில் இல்லை, இப்போது அதை ஒத்துக்கொள்வதால் ஒருவருக்கும் குறைவு இல்லை.

தமிழில் முறைப்பாடு என்ற விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து விவசாயி ஒருவரின் தண்ணீர் இறைக்கிற மெசின் வயலில் களவு போனது. பொலிஸ் நிலையத்துக்குப் போனோம், எந்த நிலையம் என்று சொல்லவில்லை. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லீவில். மற்றவர் மரியாதையான பெடியன், அனுராதபுரத்துப் பக்கம், கையையும் காலையும் ஆட்டி விளங்கப்படுத்திச் சிங்களத்தில் ஒரு பக்கம் எழுதி முடித்து, கையெழுத்து வையுங்கோ ஐயா என்றான். வாசிக்கத் தெரியாத கடதாசியில் அவர் கையெழுத்து வைத்தார். மெசின் என்று எழுதினதா, மோட்டார் சைக்கிள் என்று எழுதினதா, இன்றுவரைக்கும் தெரியாது. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று 1988இல் வந்த 16ஆம் திருத்தம் சொல்கிறது. இதற்கு ஷெரிப்பும் தேவையில்லை, 13உம் தேவையில்லை, சட்டம் ஏற்கனவே இருக்கிறது. அந்தப் பெடியனில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவன் ஊருக்கு இடமாற்றம் கேட்டுக்கொண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தான், அவனை இங்கே அனுப்பினவர்கள் அவனையும் கேட்கவில்லை, எங்களையும் கேட்கவில்லை.

சான் பெர்னார்டினோவின் பாலைவனப் பக்கத்தில் தூரத்து ஊர்களுக்கு ஷெரிப் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார், அந்த ஊரிலேயே குடியிருக்கிற டெபுட்டி. வாகனம் வீட்டு வாசலில் நிற்கும், பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும், கடையில் நின்றால் ஆளை எல்லோருக்கும் தெரியும். தலைமை நிலையத்தில் இருந்து ஆள் வர இரண்டு மணித்தியாலம் எடுக்கும் என்பதால் செய்த ஏற்பாடு. ஷெரிப் முறையில் இருந்து ஒன்றே ஒன்றைக் கொண்டுவரலாம் என்று என்னிடம் கேட்டால் நான் தேர்தலை விட்டுவிட்டு இதைத்தான் கேட்பேன், நட்டாங்கண்டலில், ஐயன்கன்குளத்தில், கொக்கிளாயில் குடும்பத்தோடு இருக்கிற, தமிழ் பேசுகிற, நாலைந்து வருடத்துக்கு இடமாற்றம் இல்லாத ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். அப்புறம் லேக்வுட் மாதிரி, பிரதேச சபையோடு ஒரு எழுத்து: இந்தப் பிரிவில் இத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், இத்தனை பேருக்குத் தமிழ் தெரியும், மாதத்துக்கு ஒருமுறை ஓ.ஐ.சி. சபைக்கு வந்து கணக்குச் சொல்லுவார். காசு கொழும்பில் இருந்தே வரட்டும், கணக்கு எங்களுக்கு வரட்டும்.

1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் ஒரு பொலிஸ் மா அதிபரை, தேசபந்து தென்னகோனை, விசாரணை வைத்து வாக்கெடுத்துப் பதவியில் இருந்து நீக்கியது. இந்த நாட்டில் அதற்கு முன் அப்படி நடக்கவில்லை. உச்சியில் இருக்கிற ஆளைக் கேள்வி கேட்க ஒரு வழி இருக்கிறது என்றால் மல்லாவியில் இருக்கிறவரைக் கேட்க ஒரு வழி செய்வது அவ்வளவு கஷ்டமாக இருக்க முடியாது. மாகாண சபைத் தேர்தல் என்று ஒன்று வந்தால் வேட்பாளர்கள் எங்கள் பக்கமும் வருவார்கள், காணி பொலிஸ் அதிகாரம் என்று ஒரே மூச்சில் சொல்லுவார்கள். யாருடைய காசு, யாருக்குக் கணக்கு என்று இரண்டு கேள்வியை மட்டும் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வன்னியின் நாலு மாவட்டத்திலும் உள்ள ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்கும் உங்கள் செய்தியாளர் ஒரு விண்ணப்பம் போடட்டும்: எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், தமிழில் முறைப்பாடு எழுதக்கூடியவர் எத்தனை பேர், போன வருடம் எழுதின முறைப்பாட்டில் எத்தனை தமிழில் எழுதப்பட்டன, ஓ.ஐ.சி. எத்தனை மாதமாக அங்கே இருக்கிறார். வருகிற பதிலை அப்படியே அட்டவணையாகப் போடுங்கள், பதில் தராத நிலையத்தின் பேருக்கு நேரே வெறும் கட்டம் விடுங்கள். விண்ணப்பம் எழுத ஆள் இல்லை என்றால் துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கத்து நிலையங்களுக்கு நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர்,
மல்லாவி.